காது அக்காவுக்கு வேண்டிய இரைச்சல்

தண்ணீர் அலுவலகத்தின் சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயருக்கு வேலை இல்லை. எல்லோருக்கும் அவர் காது அக்கா. மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் குழாய் எந்த இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது என்று தோண்டிப் பார்க்காமலே கேட்டுச் சொல்வது அவர் வேலை. கேட்டுவிட்டு, நீலச் சுண்ணக்கட்டியால் சாலையில் ஒரு பெருக்கல் குறி போடுவார். அந்தக் குறியின் மேல் கடப்பாரையை இறக்குவது பள்ளத்தின் வேலை.

பள்ளம் என்பதும் அலுவலகம் வைத்த பெயர்தான். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பனானவனைப் பள்ளம் என்று கூப்பிடலாமா என்று ஆரம்பத்தில் அவன் வருத்தப்பட்டதுண்டு. பதினோரு வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது வீட்டில் அவன் மனைவியே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

தோண்டுகிறவனுக்குத்தான் குறி போடுகிறவரின் அருமை தெரியும். மற்ற பகுதிகளில் ஒரு கசிவைப் பிடிக்க மூன்று குழி, நான்கு குழி தோண்டுவார்கள். சாலையே அம்மைத் தழும்பு விழுந்த முகம் போல ஆகிவிடும். காது அக்காவின் பகுதியில் ஒரு கசிவுக்கு ஒரு குழிதான். தோண்டியும் தண்ணீர் இல்லையென்றால் அதற்கு வறட்டுக் குழி என்று பெயர். இந்தப் பதினோரு வருடங்களில் தான் தோண்டிய வறட்டுக் குழிகளைப் பள்ளம் ஒரு கை விரல்களில் எண்ணிவிடுவான். அதிலும் கட்டைவிரல் மிச்சமிருக்கும். "உனக்கென்னப்பா, உன் இடுப்பை அந்தம்மா காது காப்பாத்துது" என்று மற்றவர்கள் பொருமும்போது தன் காதையே யாரோ புகழ்ந்த மாதிரி அவனுக்குக் குளிரும்.

அக்கா கையோடு கொண்டுபோவது கொஞ்சம் சாமான்தான். தரையில் வைத்தால் மண்ணுக்குள் நடக்கும் சத்தத்தை வாங்குகிற கனமான இரும்பு மைக் ஒன்று. கவிழ்த்து வைத்த மணி போலிருக்கும், அதைக் குண்டு என்பார்கள். வாங்கிய சத்தத்தைப் பெரிதாக்க ஒரு பெட்டி, தோளில் தொங்கும். பெட்டியிலிருந்து காதுக்குப் போவது மட்டும் அலுவலகம் கொடுத்ததல்ல, அக்காவின் சொந்த இயர்போன். காது டாக்டரிடம் பசை வைத்து அச்செடுத்து, அவர் காதுத் துளைக்கென்றே வார்த்தது. வயர் மூன்று இடத்தில் அறுந்து மூன்று இடத்தில் ஒட்டுப் போடப்பட்டிருந்தது. பள்ளம் ஒருமுறை ஆசைப்பட்டு அதை மாட்டிப் பார்த்தான். பாதிகூட நுழையவில்லை. கேட்டதெல்லாம் உலை கொதிக்கிற மாதிரி ஓர் இரைச்சல்.

"என்னக்கா, உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் உஸ்ஸுனு இருக்கு."

"அந்த உஸ்தான் நம்ம ரெண்டு பேருக்கும் சோறு போடுது" என்றார் அக்கா.

அவருக்கு அந்த உஸ்ஸுக்குள் ஓர் ஊரே இருந்தது. இரும்புக் குழாய் விரிசல் என்றால் பல்லிடுக்கில் காற்றை இழுக்கிற சத்தம். பிளாஸ்டிக் குழாய் என்றால் கதவு சாத்திய அறைக்குள் யாரோ முனகுவது போல. சாக்கடை என்றால் விட்டு விட்டு வரும், கடன் கேட்கிறவன் பேச்சு மாதிரி. கசிவு அப்படியல்ல. மூச்சு விடாமல், ஏறாமல் இறங்காமல், ஒரே சீராக வரும். "நிக்காம பேசறது எதுவோ அதுதான் நம்ம ஆளு" என்று சொல்வார்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அக்காவின் வலது முழங்கால் மக்கர் செய்யும் வரை. ஒரு தெருவைக் கேட்க வேண்டும் என்றால் ஒவ்வோர் எட்டுக்கும் குந்த வேண்டும், குண்டை வைக்க வேண்டும், கேட்க வேண்டும், எழுந்திருக்க வேண்டும். நீளமான தெருவென்றால் இருநூறு முறை. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இனிமேல் குந்தவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

செய்தி சின்ன இன்ஜினியர் காதுக்குப் போனது. நல்ல பெண். அதட்டிப் பேசத் தெரியாது. "அக்கா, புகார் அறையில ஒரு நாற்காலி காலியா இருக்கு. உட்கார்ந்த வேலை. போன் எடுத்துப் பேசினா போதும்" என்று அன்பாகத்தான் சொன்னார்.

வெளியே வந்து அக்கா பள்ளத்திடம் சொன்னார்: "மண்ணு பேசறதக் கேட்ட காதுய்யா இது. இனி தண்ணி வரலன்னு ஜனங்க திட்டறத எட்டு மணி நேரம் கேக்கணுமாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சுண்ணக்கட்டியை விரல்களில் உருட்டிக்கொண்டே இருந்தார். 

"நான் குந்தறேன்க்கா. குண்ட நான் வைக்கறேன். நீங்க நின்னுக்கிட்டே கேளுங்க. எனக்குத்தான் காது இல்ல, முட்டி ரெண்டும் இருக்கே."

யோசனை நல்லதுதான், வயர்தான் குறுக்கே நின்றது. நீட்டி ஒட்டுப் போட்டுப் பார்த்தார்கள். முதல் நாளே ஒரு சைக்கிள் பெடல் அதைக் கொக்கி போட்டு இழுத்தது. அக்காவின் காது கிழியாமல் தப்பியதே பெரிய விஷயம். நீட்டிய துண்டை எடுத்துவிட்டார்கள், நான்காவது ஒட்டு விழுந்தது.

அன்று மாலை பள்ளம் வீட்டுக்குப் போனபோது மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். காதில் பழைய இயர்போன். அதன் வயர் ஒரு சாண்கூடப் போகாமல் கழுத்துப் பட்டையில் செருகியிருந்த தீப்பெட்டி மாதிரி ஒன்றில் முடிந்துவிட்டது. போன் பக்கத்து அறையில் சார்ஜில் கிடந்தது.

"இது என்ன?"

"புளூடூத் அடாப்டர். நம்ம இயர்போன இதுல சொருகிட்டா வயர் போனுக்குப் போக வேண்டாம். என் தம்பி வாங்கிக் கொடுத்தது. உங்க வீட்டு ஆளுங்க எனக்கு என்ன வாங்கிக் கொடுத்தாங்க?"

வேறொரு நாளாக இருந்தால் இந்தக் கேள்விக்கு இரவுச் சாப்பாடு வரை பதில் போயிருக்கும். அன்று பள்ளம் அவள் கழுத்துப் பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நனைந்த கையோடு நின்றவளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான்.

"பள்ளம்! தட்டு விழுது!" என்று கத்தினாள் அவள்.

மறுநாள் அக்காவிடம் சொல்லாமலே போன் கடைக்குப் போனான். கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு விவரம் கேட்டார். "வயர் இல்லாத இயர்போனே வாங்கிடலாமே, இதுக்குப் போய் ஏன் அடாப்டர்?"

"அந்த இயர்போன் அவங்க காதுல பாதி. அத மாத்த முடியாது" என்றான் பள்ளம், தன் பெண்டாட்டி நகையைப் பற்றிப் பேசுகிற தோரணையில்.

கடைக்காரர் விளக்கினார். மனைவி வைத்திருப்பது வாங்குவது மட்டும் செய்யும். போன் தானே அனுப்பும், அதனால் அங்கே அது போதும். இந்தப் பெட்டிக்கு அனுப்பத் தெரியாது. எனவே பெட்டியில் அனுப்புவது ஒன்று, இயர்போனில் வாங்குவது ஒன்று, ஜோடியாக வேண்டும். அப்படியொரு ஜோடியை எடுத்து வைத்தார். கறுப்பாக, வழவழப்பாக, கூழாங்கல் போல இருந்தது.

"இதுல இரைச்சலே கிடையாது. சந்தையில நின்னு பேசினாலும் பேச்சு மட்டும் தனியா வரும். மத்ததெல்லாம் அதுவே வடிகட்டிடும்."

பள்ளம் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டான். பாடுகிறவள் காதுக்குள் வந்து உட்கார்ந்து பாடுவது போலிருந்தது. வேறெதையும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

அக்கா அந்தக் கூழாங்கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எனக்காகவா வாங்கின?" என்றார்.

"இல்ல, எனக்காக. வேற யாராவது குறி போட வந்தா என் இடுப்பு போயிடும்."

சின்ன இன்ஜினியர் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். அச்சகத்துச் சந்தில் கடைசி வீடுகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை, எங்கோ கசிகிறது, கண்டுபிடியுங்கள், நானும் வருகிறேன் என்றார்.

வியாழன் காலை ஆறு மணிக்குச் சந்து அமைதியாக இருந்தது. அச்சகம் இன்னும் திறக்கவில்லை. பெட்டியைப் பள்ளம் தோளில் போட்டுக்கொண்டு, எட்டுக்கு எட்டு குந்திக் குண்டை வைத்தான். அக்கா பத்தடி தள்ளி நிமிர்ந்து நின்றபடி வந்தார். நிமிர்ந்து நின்று வேலை செய்யும் அக்காவைப் பார்க்க அவனுக்கு ராணி மாதிரி இருந்தது. மூன்றாவது எட்டில் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை வருஷம் இந்தப் பாட்டையா பட்டாங்க, ஐயோ அம்மா" என்று வாய்க்குள் முனகினான்.

"எதுக்கு இப்ப அம்மாவக் கூப்பிடற?" என்றார் அக்கா பத்தடி தள்ளி.

"அக்கா, கேட்டுதா?"

"ஒவ்வொரு எழுத்தும் கேக்குது. குண்டுக்கிட்ட வாய வெச்சுக்கிட்டுப் பேசற."

இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன தரமான சாமான் என்று பள்ளம் கடைக்காரரை மனதுக்குள் வாழ்த்தினான்.

சந்தின் முக்கால் தூரத்தில் அக்காவின் முகம் மாறத் தொடங்கியது. "திரும்ப வை" என்றார். "இன்னொரு தடவை." "பின்னாடி போ." ஒரே இடத்தில் ஐந்து முறை வைத்தான். கடைசியில் ஒரு மரக்கதவுக்கு எதிரே நின்று, வழக்கத்துக்கு மாறாக வெகுநேரம் தயங்கி, பெருக்கல் குறியைப் போட்டார். அந்தக் குறியின் இரண்டாவது கோடு நடுங்கியிருந்ததைப் பள்ளம் பார்த்தான். பார்த்தும் கடப்பாரையை இறக்கினான்.

இடுப்பளவு தோண்டினான். குழாய் தெரிந்தது. சுற்றிலும் மண் பொரியரிசி போல உலர்ந்திருந்தது. குழாய்க்குப் பக்கத்தில் வீட்டுச் சாக்கடைக் குழாய் ஒன்று, சாதுவாக விட்டு விட்டு ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு முழம் அகலமாகத் தோண்டினான். தண்ணீர் வராதா என்று மண்ணைக் கெஞ்சியபடி தோண்டினான்.

"போதும், மேல வா" என்றார் அக்கா.

சின்ன இன்ஜினியர் நோட்டைத் திறந்தார். எதையும் எழுதாமல் மூடி வைத்தார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

"சாக்கடைக்கும் கசிவுக்கும் வித்தியாசம் தெரியாமப் போச்சு எனக்கு" என்றார் அக்கா, குழியைப் பார்த்தபடி. "முட்டி போச்சுன்னு நினைச்சேன். போனது காது."

அன்றே உட்கார்ந்து புகார் அறைக்கு மாற்றல் கேட்டுக் கடிதம் எழுதிவிட்டார். நாலே வரி. திங்கட்கிழமை கொடுப்பதாகப் பையில் வைத்துக்கொண்டார். பள்ளத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. மனைவி இரண்டு முறை கேட்டுவிட்டு, மூன்றாம் முறை கேட்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

சனிக்கிழமை அலுவலகத்துக்கு விடுமுறை. சாமான்களை அலமாரியில் ஒப்படைக்க வேண்டும் என்று அக்கா வந்தார். பெட்டியைத் தூக்கிக்கொடுக்கப் பள்ளமும் வந்தான். அலுவலக முற்றத்தின் மூலையில் ஒரு பழைய வால்வு உண்டு. ஊருக்கெல்லாம் கசிவை அடைக்கிற அலுவலகத்தில் அந்த வால்வு மட்டும் பல வருடங்களாகக் கசிந்துகொண்டே இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அடியில் பாசி பிடித்திருக்கும். அக்கா அதன் முன்னால் நின்றார்.

"இதோட சத்தம் எனக்கு மனப்பாடம். இது கேக்கலேன்னா கடிதத்தக் கொடுத்திடறேன். மனசுல அறுத்துக்கிட்டுக் கிடக்க மாட்டேன்."

புளூடூத் கூழாங்கல்லை மாட்டினார். பள்ளம் குண்டை வால்வுக்குப் பக்கத்தில் வைத்தான். அக்கா கண்ணை மூடினார். முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே வாடியது. "வந்துது. போயிடுச்சு" என்றார்.

பள்ளம் குண்டின் பக்கத்திலேயே குந்தியபடி, யாருக்கும் கேட்காது என்ற நினைப்பில், "சாமி, இந்தக் காத மட்டும் விட்டுடு, என் காது ரெண்டையும் வேணா எடுத்துக்கோ" என்று முணுமுணுத்தான்.

அக்கா கண்ணைத் திறந்தார்.

"பள்ளம். இத்தனை வருஷம் நான் குண்ட வைக்கும்போது என் பக்கத்துல நின்னு என்னென்னவோ முனகியிருக்க. அப்ப எனக்கு ஒண்ணாவது கேட்டிருக்கா?"

"இல்லக்கா. கேட்டிருந்தா சண்டையே வந்திருக்கும்."

"இப்ப மட்டும் எப்படி, தபால்ல போட்ட மாதிரி அப்படியே வருது? நீ முனகறது கேக்குது, அடியில பீச்சற தண்ணி கேக்கல. இது எப்படிப்பட்ட செவிடு?"

அவர் கூழாங்கல்லைக் கழற்றிப் பக்கத்துக் கல்லின் மேல் வைத்தார். பழைய ஒட்டுப் போட்ட வயரைப் பெட்டியில் நேராகச் செருகினார். வயர் எட்டாததால் டாக்டர் வேண்டாமென்ற காலை மடக்கி, பள்ளத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு குந்தினார். கேட்டார். எண்ணினார். பத்து, இருபது, ஐம்பது. நூறு வரை எண்ணினார்.

"நிக்காம பேசறா" என்றார். வால்வை அவர் எப்போதும் பெண்ணாகத்தான் பேசுவார்.

மறுபடி கூழாங்கல். ஒன்று, இரண்டு, இல்லை. மறுபடி வயர். நூறு. மறுபடி கூழாங்கல். ஒன்று, இரண்டு, இல்லை.

"என்னய்யா சொன்னான் கடைக்காரன், வாங்கும்போது?"

பள்ளம் சொன்னான். இரைச்சலே கிடையாது, பேச்சு மட்டும் தனியா வரும், மத்ததெல்லாம் அதுவே வடிகட்டிடும். சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். வாய் திறந்தபடி நின்றது.

"ரெண்டு நொடி கேட்டுட்டு, இது ஒரே மாதிரி வருது, இது குப்பைன்னு தூக்கிப் போட்டுடுது" என்றார் அக்கா. "ஏறி இறங்கி வர்றது பேச்சாம், அத மட்டும் விடுது. உன் முனகல விட்டுது. சாக்கடைய விட்டுது. நம்ம ஆள மட்டும் வாசல்லயே நிறுத்திடுச்சு."

"அக்கா, நான்தான்... பாட்டு கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

"பாட்டு நல்லா இருந்துதா?"

"ரொம்ப நல்லா இருந்துது."

அக்கா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்க முடியாமல், வால்வின் மேல் கை வைத்துச் சிரித்தார். பள்ளம் பதினோரு வருடங்களில் அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் பார்த்ததில்லை. அவன் கண் கலங்கியதைத் துடைத்துக்கொள்ள அது வசதியாகவும் இருந்தது.

போன் கடைக்குள் அவர்கள் நுழைந்தபோது பள்ளத்தின் கையில் குண்டும் தோளில் பெட்டியும் இருந்தன. கடைக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார்.

"இரைச்சல் வருதா மேடம்? வராதே."

"வரல. அதான் பிரச்சினை. எனக்கு இரைச்சல்தான் வேணும்."

முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறவர் அவர். இரைச்சல் வேண்டும் என்று கேட்டு வந்த முதல் ஆள் அக்காதான். ஏதோ வம்பு என்று நினைத்தார். அக்கா அமைதியாக, கடையின் பின்புறம் கைகழுவும் தொட்டி இருக்கிறதா என்று கேட்டார். குழாயை மயிரிழை அளவு திறந்துவைக்கச் சொன்னார். தொட்டிக்குக் கீழே சுவரில் குண்டைச் சாய்த்து வைக்கச் சொன்னார். முதலில் வயரோடு கேட்டு, அந்தச் சத்தத்தை மனதில் வாங்கிக்கொண்டார். "இப்ப ஒவ்வொண்ணா கொடுங்க."

கடைக்காரர் கொடுத்த இரண்டாவது ஜோடி சத்தத்தை நிறுத்தாமல் கொடுத்தது. பள்ளத்துக்கு உற்சாகம். அக்கா தலையசைத்தார். குழாயை அடைக்கச் சொன்னார். அடைத்த பிறகும் காதில் உஸ் இருந்தது. "இதுக்கே சளி பிடிச்சிருக்கு. அதோட சொந்த மூச்சுதான் கேக்குது. தண்ணி மூச்சு எது, இது மூச்சு எதுன்னு தெருவுல பிரிக்க முடியாது."

இன்னொன்று எல்லாவற்றையும் முரசு போல அதிரவைத்தது. கல்யாண வீட்டுக்கு வேண்டுமானால் ஆகும் என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்ததில் சத்தம் சுத்தமாக வந்தது. ஆனால் பள்ளம் பெட்டியையும் குண்டையும் எடுத்துக்கொண்டு வாசல் தாண்டியதும் தெரு இரைச்சல் அறுந்து அறுந்து விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் நூறு எண்ணினார். நூறு வரை பிழைத்தால்தான் அடுத்த சோதனை. கடைக்கு வந்த இரண்டு பேர் வந்த வேலையை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். கடைக்காரரும் அரைமணி நேரத்தில் வம்பு என்ற நினைப்பை விட்டுவிட்டார். அக்கா கண்ணை மூடும்போதெல்லாம் தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

அலமாரியில் இருந்ததெல்லாம் தீர்ந்தது. கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு கல்லாவுக்குப் பின்னால் போய், தன் பழைய டேப்பையும் சுவரில் மாட்டியிருந்த ஒலிபெருக்கியையும் இணைத்திருந்த ஜோடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். சதுரமாக, மூலை தேய்ந்து, சோப்புக் கட்டி மாதிரி இருந்தது.

"இது பழசு மேடம். வடிகட்டறது, பெருக்கறது, ஒரு வித்தையும் கிடையாது. வாங்கினத அப்படியே கொடுக்கும். இதுல ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லாததுதான் வேணும்" என்றார் அக்கா.

குழாய் திறந்தது. உஸ். நூறு வரை நின்றது. குழாய் மூடியது. மௌனம். அக்கா அந்த மௌனத்தையும் நூறு வரை எண்ணினார். பள்ளம் குண்டையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினான், தெருவைத் தாண்டினான், எதிர்ப்பக்கம் நின்று கையசைத்தான். ஒருமுறை மட்டும், வயிற்றுப் பக்கம் பெட்டி தொங்க அவன் முதுகைக் காட்டி நடந்தபோது, சத்தம் விட்டுப்போனது.

"நீ முதுகக் காட்டினா போயிடுது. உன் உடம்பு மறைக்குது" என்றார். "பெட்டிய வயித்துல போடாத, முதுகுல போடு. நான் உனக்குப் பின்னாடிதானே வருவேன்."

அடுத்து குண்டைப் பழைய இடத்தில் சாய்த்து, ஒரு சாவியால் குழாயைத் தட்டச் சொன்னார். தட்டுவது கண்ணுக்குத் தெரிந்தது, சத்தம் கொஞ்சம் பிந்தி வந்தது. "அது பரவாயில்ல. நீ குண்ட வெச்சுட்டு மூணு எண்ணிட்டு எடு. அவசரக் குடுக்கையாட்டம் அடுத்த எட்டுக்குத் தாவாத."

கடைக்காரர் கூழாங்கல்லை வாங்கிக்கொண்டு சோப்புக் கட்டியைக் கொடுத்தார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பள்ளத்திடம் மட்டும் மெதுவாக, "அந்தம்மா யாருய்யா?" என்றார்.

"எங்க அக்கா" என்றான் பள்ளம். இதற்கு மேல் விளக்க அவனுக்கு இஷ்டமில்லை.

திங்கள் காலை ஆறு மணி. அதே சந்து. மூடிய வறட்டுக் குழி புதுமண்ணோடு முகத்தில் அடித்தது. சின்ன இன்ஜினியரை வரவழைக்கப் பள்ளம்தான் ஞாயிறு முழுக்கப் போன் போட்டிருந்தான். "ஒரே ஒரு தடவை, மேடம். வறட்டுக் குழி விழுந்தா நானே அக்கா கடிதத்த வாங்கிக் கொடுத்திடறேன்." இன்ஜினியர் வந்து, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

பெட்டி பள்ளத்தின் முதுகில். பள்ளிக்கூடப் பை போலிருந்தது. குந்தினான், வைத்தான், மூன்று எண்ணினான், எழுந்தான். அக்கா பின்னால் நிமிர்ந்து நடந்தார். இந்த முறை அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மரக்கதவைத் தாண்டினார்கள். அச்சகத்தின் பின்படிக்கட்டுக்கு அருகே கையைத் தூக்கினார்.

"வை. அப்படியே இரு."

பள்ளம் அசையாமல் குந்தியிருந்தான். முட்டி எரிந்தது. குண்டுக்கு மேல் குனிந்த வாயிலிருந்து, தானாகவே, நெஞ்சில் கிடந்ததெல்லாம் கொட்ட ஆரம்பித்தது. "இந்த ஊர்ல உங்கள மாதிரி ஒரு காது இல்லக்கா. உங்க குறிய நம்பித்தான் பதினோரு வருஷமா கடப்பாரையத் தூக்கறேன். நீங்க புகார் அறையில போய் உட்கார்ந்தா நானும் இந்தக் கடப்பாரைய எங்கயாவது புதைச்சுட்டுப் போயிடுவேன்." சொல்லி முடித்ததும் திக்கென்றது. எல்லாம் எழுத்துக்கு எழுத்து அக்கா காதுக்குப் போயிருக்குமே! மெல்லத் தலையைத் திருப்பிப் பார்த்தான்.

அக்கா கண்ணை மூடியிருந்தார். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. அவன் ஒருவன் அங்கே இருப்பதே அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

பள்ளத்துக்குக் குதூகலம் பொங்கியது. தன் பேச்சு காதில் விழாமல் போனதற்காக எந்த மனிதனும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டான்.

"ஒரு சாண் இடது" என்றார் அக்கா. "இன்னும் நாலு விரல். ம்."

நடந்து வந்து, குந்தாமல், கோலின் நுனியில் கட்டிய சுண்ணக்கட்டியால் நின்றபடியே குறி போட்டார். இரண்டு கோடும் அளவுகோல் வைத்தது போல விழுந்தன.

கடப்பாரையின் முதல் அடியிலேயே மண் கருத்து வந்தது. முழங்கால் ஆழத்தில் செருப்பு சொதசொதத்தது. இடுப்பளவுக்கு வருவதற்குள் தண்ணீர் அவனை முந்திக்கொண்டது. குழாயின் பக்கவாட்டில், நகக் கீறல் அளவு விரிசலிலிருந்து பீச்சியடித்து, குனிந்து எட்டிப்பார்த்த இன்ஜினியரின் முகத்திலேயே போய் விழுந்தது. அவர் துடைத்துக்கொள்ளாமல் சிரித்தார். பிறகு நோட்டைத் திறந்து எழுதினார்.

"அக்கா, ஏதோ கடிதம் எழுதி வெச்சிருக்கீங்கன்னு பள்ளம் சொன்னாரே?"

அக்கா பையைத் துழாவினார். எடுத்துக் காட்டினார். நாலு வரியும் நீலமாகிப் போயிருந்தன.

"சுண்ணக்கட்டி பைய அழுக்காக்குது. சுத்தி வைக்க ஒரு காகிதம் வேண்டியிருந்துது" என்றார்.

விரிசலை அடைக்க ஆள் வந்து, இன்ஜினியர் கிளம்பிப் போன பிறகு, இருவரும் அச்சகப் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். பள்ளம் நனைந்த செருப்பைக் கழற்றி உதறினான். அக்கா சோப்புக் கட்டியைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

"ஆமா, குண்டுக்கிட்ட குனிஞ்சு உதட்ட அசைச்சுக்கிட்டே இருந்தியே, என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்லக்கா. முட்டி வலி."

"நல்லவேளை. தண்ணி சத்தத்துல ஒரு எழுத்துகூட விழல" என்றார் அக்கா. எழுந்து, பையைத் தோளில் மாட்டினார். "கடப்பாரைய எடு. அடுத்த தெரு இருக்கு. எங்கயும் புதைச்சு வெச்சிடாத."